ஒரு பவுன் மோதிரம், ஒரு மெஷின், ஒரு அனுமதிக் கடிதம்... காரைக்கால் கடற்கரையில் இரண்டு காலைப்பொழுதுகள்!

மாமா பாரிஸிலிருந்து வந்து இறங்கியபோது அவர் தோளில் ஒரு நீளமான கறுப்புப் பை தொங்கியது. மீன்பிடிக்கும் தூண்டிலாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், கைப்பிடி வைத்த ஒரு குச்சி, அதன் முனையில் தட்டு மாதிரி ஒரு வட்டம், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. மெட்டல் டிடெக்டர்!

"உங்கக்கா மோதிரத்தை இதை வெச்சு எடுத்துடலாம்மா" என்றார் மாமா.

விஷயம் இதுதான். போன வருடம் காணும் பொங்கல் அன்று காரைக்கால் கடற்கரையை ஒட்டிய பூங்காவில் அக்கா தன் பையனை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பிக் கை கழுவும்போதுதான் விரலில் மோதிரம் இல்லை என்று தெரிந்தது. ஒரு பவுன். தாய்மாமன் சீராக மாமா போட்டது. விலையை விட அதுதான் பெரிய பிரச்னை. "பீரோவில் இருக்கு" என்று ஒரு வருடமாக மாமியாரிடம் சமாளித்துக்கொண்டிருந்தாள். (இந்தக் கட்டுரை வந்தால் தெரிந்துவிடுமே என்று கேட்டேன். "எழுது, எனக்கும் பொய் சொல்லி அலுத்துப்போச்சு" என்றாள். ஆக, முதல் அனுமதி வாங்கியாகிவிட்டது.)

பொங்கல் விடுமுறையில் மாமாவும் நானும் இரவு ரயிலில் கிளம்பினோம். விடிந்து நாகப்பட்டினம், நாகூர் தாண்டினால் காரைக்கால். மாநிலம் மாறியதே தெரியாமல் யூனியன் பிரதேசத்துக்குள் நுழைந்திருப்போம். நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவில் புதுச்சேரியின் ஒரு துண்டு. 1739-ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய இடம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆனாலும் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பார்க்கும்போது கொஞ்சம் வேறு ஊருக்கு வந்த மாதிரிதான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு பிரான்ஸில் சொந்தம் இருக்கும் குடும்பங்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீட்டை 'சொல்தா வீடு' என்று சொல்லும் பழக்கம் இன்னும் பெரியவர்களிடம் இருக்கிறது. எங்கள் தாத்தா சொல்தா இல்லை, சைகோனில் கடைக்கணக்கு எழுதியவர். அந்த வழியில்தான் மாமா பிரான்ஸ் போனார்.

அக்கா வீட்டுக்காரர் திட்டம் தயாராக வைத்திருந்தார். "காலையில அஞ்சு மணிக்குப் போயிடலாம் மாமா. யாரும் இருக்க மாட்டாங்க. அரை மணி நேர வேலை."

மாமா தலையை ஆட்டினார். "அனுமதி இல்லாம நான் மண்ணைத் தொட மாட்டேன் மாப்ள."

பிரான்ஸில் பழகிய பயம் அது. அங்கே சரித்திர, தொல்லியல் பொருள்களைத் தேடுவதற்காக இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அந்தப் பகுதியின் அரசு நிர்வாகியிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். 1989-லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் வீட்டுக்கு ஒருவர் இந்த மெஷினோடு வயலில் நடப்பார் போல என்று நமக்குத் தோன்றும். ஆனால் அங்கேயும் நகராட்சிப் பூங்காவில் இறங்க அந்த நகராட்சி சம்மதிக்க வேண்டும். புதையல் என்று கருதக்கூடிய பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் அதற்கான அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1996-ம் ஆண்டுச் சட்டம். பக்கத்தில் இலங்கையில் கதையே வேறு. புதையல் தோண்டப் போனவர்கள் 'ஸ்கேனர்' கருவியோடு பிடிபட்டார்கள் என்ற செய்தி அங்கே அடிக்கடி வரும்.

சரி, இங்கே யாரிடம் கேட்பது?

பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு நானும் மாமாவும் போனோம். பிரஸ் கார்டை எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். மேஜையிலிருந்த அண்ணன் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெட்டல் டிடெக்டர்னா... கோயில் வாசல்ல நிக்குமே, பீப் பீப்னு, அதுவா?" என்றார்.

"இல்ல சார், கையில பிடிச்சுத் தரையில தேடுறது."

"ஓ... புதையலா?"

அந்த ஒரு வார்த்தைக்கு அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் யாரும் வேலை பார்க்கவில்லை. ஒருவர் தன் மாமனார் ஊர்க் கொல்லையில் தங்கக் குடம் இருப்பதாக ஜோசியர் சொன்ன கதையைச் சொன்னார். இன்னொருவர் மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். கடைசியில் ஓர் அதிகாரி எங்களை உட்காரவைத்து, "இதுக்குன்னு ஒரு ஃபார்ம் இல்லம்மா. ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. என்ன தொலைஞ்சது, எங்கே, எப்போ தேடுவீங்க, எவ்வளவு தோண்டுவீங்க, வேற ஏதாவது கிடைச்சா என்ன பண்ணுவீங்க... எல்லாம் இருக்கணும்" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். வேறு ஏதாவது கிடைத்தால்?

அன்று மதியம் முழுக்க அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். டிப்ளமோ படித்தபோதுகூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. இந்தியப் புதையல் சட்டம் 1878-ம் ஆண்டைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் போட்ட சட்டம். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல்தான். அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் என்பதைச் சொல்லி, அதைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்கு ஜாமீன் தர வேண்டும். உரிமை கோருகிறவர்கள் வரலாம் என்று கலெக்டர் அறிவிப்பு போட்டு விசாரிப்பார். யாருக்கும் உரிமை இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்வதென்றால் பொருளின் மதிப்பும், அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கும் தர வேண்டும். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போய்விடும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு.

பத்து ரூபாய்! 1878-ல் அது பெரிய தொகை. இன்றைக்கு ஒரு டீக்கும் பத்தாது. ஆனால் சட்டத்தில் அந்தப் பத்து ரூபாய் அப்படியே நிற்கிறது.

அந்தச் சட்டம் எழுதியவர்களுக்கு மாமாவின் மெஷின் கனவில்கூட வந்திருக்காது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், மூன்று வருடம் கழித்து, 1881-ல்தான் இப்படி ஒரு கருவியைச் செய்து பார்த்தார். சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக. கண்டுபிடிக்க முடியவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பிவிட்டன என்று சொல்வார்கள்.

புதையல் சட்டத்தோடு வேலை முடிவதில்லை. நூறு வருடத்துக்கு மேல் பழைய பொருள் என்றால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வந்து நிற்கும். தனி ஆள் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாமா இந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் இருக்கும் இடத்தில் தொல்லியல் துறையின் உரிமம் இல்லாமல் தோண்டவே கூடாது. கோயில் நிலத்துக்கு வேறு அதிகாரி, தனியார் மனைக்கு அதன் சொந்தக்காரர்.

இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். டெல்டாக்காரர்கள் கேட்க மாட்டார்கள். இங்கே கடப்பாரை போட்டால் வரலாறுதான் வரும். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை போடப் பள்ளம் தோண்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் வெளியே வந்தன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் ஒரு செம்புக்குள் 505 தங்கக் காசுகள் கிடைத்தன, எடை 1.716 கிலோ. அதே ஆண்டு டிசம்பரில் உத்திரமேரூரில் திருப்பணியின்போது தங்கம் கிடைத்து, "எங்க கோயில் நகை, எங்க கோயிலுக்கே" என்று ஊரே நின்றது. பேச்சுவார்த்தைக்குப் பிறகே அதிகாரிகளிடம் போனது. ஊர்க்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சொல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தூர் நடராஜர் போதும். திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976-ல், பாழடைந்த கோயில் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைக்காக மண்ணை வெட்டிய கூலித் தொழிலாளியின் கையில் கிடைத்த சிலை. கைமாறிக் கைமாறி லண்டன் போய், ஒரு கனடா நிறுவனம் வாங்கி, கடைசியில் லண்டன் நீதிமன்றத்தில் கோயிலே வழக்காளியாக நின்று ஜெயித்தது. 1991-ல்தான் நடராஜர் ஊர் திரும்பினார். பதினைந்து வருடம்!

எங்கள் மோதிரம் புதையல் அல்ல என்பது படித்தபோது கிடைத்த ஒரே ஆறுதல். யாரும் மறைத்து வைக்கவில்லை, தொலைந்தது, சொந்தக்காரி உயிரோடு இருக்கிறாள். தொலைந்த பொருளைக் கண்டெடுப்பவர் உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 403, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 314.

கடிதத்தை நான் எழுதினேன், மாமா கையெழுத்துப் போட்டார். ஊஞ்சலைச் சுற்றியுள்ள மணல் மட்டும். காலை ஆறு முதல் எட்டு. கைக்கரண்டி தவிர வேறு ஆயுதம் இல்லை, ஒரு சாணுக்கு மேல் தோண்ட மாட்டோம், தோண்டிய குழியை உடனே மூடுவோம். பிறருடைய நகை கிடைத்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்போம், பழைய பொருள் கிடைத்தால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவாய்த் துறைக்குச் சொல்வோம். அக்கா ஆதார் நகலும், மோதிரம் போட்டிருக்கும் கல்யாண போட்டோவும் இணைப்பு. அந்த போட்டோவைப் பார்த்துத்தான் அதிகாரி இளகினார் என்று நினைக்கிறேன். மறுநாள் மாலை அனுமதி கிடைத்தது. காவலாளி ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அனுமதி வருவதற்கு முன்பே, முதல் நாள் காலையில், மெஷினை எடுக்காமல் சும்மா கடற்கரையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தோம். அரசலாறு கடலில் சேரும் இடம் காரைக்காலின் அழகான மூலை. ஆற்றில் வரிசையாகப் படகுகள், வலை பிரிக்கும் ஆள்கள், சாலையில் வாக்கிங் போகும் அங்கிள்கள். மாசி மகத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் நிற்க இடம் கிடைக்காது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவார். மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று அழைத்து வரவேற்பார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை கம்மல், எத்தனை கொலுசு திருகாணி மணலுக்குப் போயிருக்கும் என்று மாமா மனக்கணக்குப் போட்டார்.

பழைய காசும் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வெளியிட்ட சின்னச் செப்புக்காசுகளில் 'புதுச்சேரி' என்று தமிழிலேயே பொறித்திருப்பார்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. அலை அரித்துப் போடும் டேனிஷ் காசுகளை அந்தக் கரையில் பொறுக்கியெடுத்தவர்கள் உண்டு. மெஷின் எதுவும் வேண்டியிருக்கவில்லை, கண் போதும்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அறுபது வயது இருக்கும்.

"ஏம்மா, என்ன மெஷின் அது?"

சொன்னேன். மண்ணுக்குள் இருக்கும் தங்கம், வெள்ளி, இரும்பு எல்லாவற்றுக்கும் சத்தம் போடும் என்றேன்.

"எவ்வளவு ஆழம் போவும்?"

"சின்னப் பொருள்னா ஒரு சாண்ம்மா."

அவர் கொஞ்ச நேரம் வலையையே பார்த்தார். "என் மவன் இடுப்புல வெள்ளி அரணாக்கொடி போட்டிருந்தான். நாலு வயசு. சுனாமில போனவன், கிடைக்கல. அதான் கேட்டேன்."

2004 டிசம்பர் 26. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதிக்காரர்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. டிவியில் பார்த்த அலைதான் நினைவில் இருக்கிறது.

மாமா அவர் எதிரில் மணலில் உட்கார்ந்துவிட்டார். "மண்ணு இருபது வருஷத்துல நிறைய மாறியிருக்கும்மா" என்றார். "தெரியும் தம்பி" என்றார் அந்த அம்மா. பிறகு எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். பாரிஸில் மீன் கிலோ என்ன விலை என்று கேட்டார். மாமா யூரோவை ரூபாயாக மாற்றிச் சொன்னதும் சிரித்தார். கிளம்பும்போது, "ஏதாச்சும் அதுமாதிரி கிடைச்சா இங்கதான் இருப்பேன், வந்து காட்டுங்க" என்றார்.

கடிதத்தில் 'கடற்கரை மணலிலும் தேட அனுமதிக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தோம். திரும்பி வரும் வழியில் மாமா, "அந்த வரி வேண்டாம்மா. ஊஞ்சல் மட்டும் போடு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அனுமதி கிடைத்ததும், மறுநாள் காலை ஆறு மணிக்குப் பூங்கா. காவலாளி அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். மாமா ஹெட்போனை மாட்டி, தட்டைத் தரையோடு தரையாக இடமும் வலமும் அசைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். தட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சின்னதாக ஒரு மின்னோட்டம் கிளம்பி, பதிலுக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மெஷின் கேட்பது அந்தப் பதிலைத்தான். உப்பு ஊறிய ஈர மணலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கடலோரத்தில் சாதாரண மெஷின்கள் ஒன்றுமில்லாத இடத்திலும் கத்தும். பூங்கா மணல் காய்ந்திருந்ததால் அந்தத் தொல்லை இல்லை.

முதல் பீப். நாலு பேரும் குனிந்தோம். சோடா மூடி.

அடுத்தது, இன்னொரு சோடா மூடி. காரைக்காலில் மூடிகளுக்குப் பஞ்சமில்லை என்பதை அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டேன். சோடா மூடி மட்டும் இல்லை என்பது இந்த ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு வலையில் கட்டும் ஈயக்குண்டு இரண்டு, துருப்பிடித்த ஆணி, சாக்லேட் ஜரிகைத் தாள், குழந்தை ஹேர்க்ளிப், ஒரு 25 பைசா. 2011-லேயே செல்லாமல் போன நாலணா. "பத்து ரூபாய்க்குள்ளதான், கலெக்டருக்கு எழுத வேணாம்" என்றேன். மாமா அதைக் காவலாளி கையில் கொடுக்க, அவர் ஏதோ ரசீது இல்லாமல் வாங்கியதுபோலத் தயங்கி வாங்கிக்கொண்டார்.

வாக்கிங் வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். "பாம் ஸ்குவாடா?" என்று ஒருவர் பதற, காவலாளி எங்கள் அனுமதிக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். அந்தத் தாளின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது இல்லாமல் ஐந்து மணி இருட்டில், பாரிஸிலிருந்து வந்த ஓர் ஆள், கையில் இந்த மெஷினோடு கடலோரத்தில் நின்றிருந்தால், யாராவது போலீஸுக்குப் போன் போட்டிருப்பார்கள். போட்டாலும் தப்பில்லை.

ஏழரை மணிக்கு ஊஞ்சலின் அடி முழுவதும் பார்த்து முடித்துவிட்டார் மாமா. மோதிரம் இல்லை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் நின்னேன், இதே இடம்" என்று காலால் கோடு போட்டுக் காட்டினாள். மாமா மறுபடி ஒரு முறை போனார். ஓர் ஈயக்குண்டு.

அப்போதுதான் காவலாளி அண்ணன் தொண்டையைச் செருமினார். "எப்போ தொலைஞ்சதுன்னு சொன்னீங்க?"

"போன வருஷம் காணும் பொங்கல்."

"அடடா... அதுக்கப்புறம் இந்த மண்ணை மாத்துனாங்களே. புள்ளைங்க விழுந்து அடிபடுதுன்னு பழசை அள்ளிட்டு, புது மணல் கொட்டினாங்க."

யாரும் பேசவில்லை. அக்கா வீட்டுக்காரர்தான் மெதுவாகக் கேட்டார், "பழைய மண்ணு எங்கண்ணே போச்சு?"

"அந்தப் பக்கம், ரோடு ஓரமா ஒரு பள்ளம் இருந்துச்சு பாருங்க, தண்ணி நிக்கும். அதுல தட்டுனாங்க. இப்போ அதுக்கு மேல புல்லு முளைச்சுக் கெடக்கு."

எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஒரு மனை அளவுக்கு மேடு. அதில் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அத்தனை சோடா மூடிகளுக்கும் நடுவே எங்கோ ஒரு பவுன்.

மாமா மெஷினை ஆன் செய்யவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"இந்த இடம் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார்.

காவலாளிக்குத் தெரியவில்லை. ஆட்டுக்காரப் பாட்டிக்கும் தெரியவில்லை. "நகராட்சியா இருக்கலாம், ஹைவேஸா இருக்கலாம், பொறம்போக்காவும் இருக்கலாம்" என்றார் டீக்கடைக்காரர்.

மாமாவுக்கு இன்னும் பதினோரு நாள் லீவு இருந்தது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "நேத்து எழுதுன கடிதம் உன் போன்ல இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். "ஊஞ்சல்ங்கிற இடத்துல மட்டும் மாத்திக்கலாம்."